நான்காம் வகுப்புக்குப் பாறைகளும் கனிமங்களும்: மனப்பாடம் இல்லாமல் எப்படி நடத்துவது?

நாலாம்வகுப்பு_டீச்சர் கேட்டது:

வணக்கம். நான்காம் வகுப்பு, 36 பிள்ளைகள். பாறைகளும் கனிமங்களும் பாடத்துக்கு 40 நிமிடப் பாடவேளை ஆறு கிடைத்திருக்கிறது. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று கேட்ட மாத்திரத்தில் ஒப்பித்துவிடுகிறார்கள். கையில் ஒரு கல்லைக் கொடுத்து "இது எது, எப்படித் தெரியும்?" என்றால் திருதிருவென விழிக்கிறார்கள். அதனால் இந்த முறை தொட்டு, கீறி, உரைத்துப் பார்க்கிற மாதிரி நடத்த நினைக்கிறேன்.

கனிமத்தில் தொடங்குவதா, பாறையிலா? என்னென்ன மாதிரிகள், எத்தனை வேண்டும்? கீறல் சோதனையில் ஒரே கல்லுக்குக் குழுவுக்கொரு விடை வருகிறது, ஏன்? வினிகர் சோதனையும் தலைகீழாகப் போகிறது: சுண்ணாம்புக்கல் சும்மா கிடக்கிறது, செங்கல் துண்டில் குமிழி வருகிறது!

---

பாறைவாசி பதில்:

டீச்சர், கனிமத்திலேயே தொடங்குங்கள். பாறை என்பது பெரும்பாலும் பல கனிமங்களின் கூட்டு. உள்ளே இருப்பவர் யார் யார் என்று தெரியாமல் கூட்டைப் பார்த்தால் "சாம்பல் நிறக் கல்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. சலவைக்கல் போல ஏறக்குறைய ஒரே கனிமத்தாலான பாறையும் உண்டு, அதைப் பிறகு சொன்னால் போதும்.

அறியப்பட்ட கனிமங்கள் ஐயாயிரத்துக்கு மேல். வகுப்புக்கு ஏழு போதும்: குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா (காக்காப்பொன்), கால்சைட், ஜிப்சம், ஹேமடைட், மேக்னடைட். முதல் மூன்றும் கிரானைட்டுக்குள் இருப்பவை, கால்சைட் சுண்ணாம்புக்கல்லிலும் சலவைக்கல்லிலும் இருப்பது. ஆக, பாறைக்குப் போகும்போது பிள்ளைகளுக்குப் பழகிய முகங்களாக இருக்கும். பாறையிலும் ஏழு எடுங்கள்: கிரானைட், பசால்ட், நுரைக்கல், மணற்கல், சுண்ணாம்புக்கல், சலவைக்கல், நைஸ் (கறுப்பு வெள்ளைப் பட்டையுள்ள உருமாறிய பாறை). ஒவ்வொன்றும் 3 முதல் 4 செ.மீ. அளவில் இருக்கட்டும். பெட்டிகளில் ஒட்டி வருகிற நகக்கண் அளவுத் துண்டுகளைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது, கீறவும் முடியாது. அவற்றை வாங்காதீர்கள்.

36 பேர் என்றால் நால்வர் கொண்ட ஒன்பது குழு. ஒன்பது செட் தேவையில்லை. கீறல், உரைகல், காந்தம் என்று மூன்று மேசை வகை வைத்து, ஒவ்வொரு வகையிலும் மூன்று மேசை போட்டால் மூன்று செட்டில் முடியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழுக்கள் மேசை மாறட்டும். ஜிப்சமும் கால்சைட்டும் மட்டும் இரண்டு மடங்கு வாங்கி வையுங்கள், கீறிக் கீறியே தேய்ந்துவிடும்.

இப்போது கீறல். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃப்ரீட்ரிக் மோஸ் 1812இல் பத்துக் கனிமங்களை வைத்து அமைத்த கடினத்தன்மை வரிசைதான் இது, எண் கூடக் கூடக் கடினம் கூடும். டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃப்ளூரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டியவை மூன்றே கருவி: விரல் நகம் (ஏறக்குறைய 2.5), செம்புத் துண்டு (3 முதல் 3.5), கண்ணாடித் துண்டு (5.5). செம்புக்கு நாணயம் வேண்டாம். செம்பு போலத் தெரியும் பல நாணயங்கள் உள்ளே இரும்போ துத்தநாகமோதான். தடித்த செம்புக் கம்பி நல்லது. கண்ணாடி குறைந்தது 5 மி.மீ. தடிப்பு இருக்கட்டும், நாலு விளிம்பிலும் டேப் ஒட்டி, மேசைமேல் படுக்கவைத்தே கீறச் சொல்லுங்கள். கையில் தூக்கிப் பிடித்தபடி யாரும் கீறக்கூடாது.

விடை மாறுவதற்கு வழக்கமான காரணங்கள் நான்கு.

முதலாவது, பொடியைக் கீறல் என்று நினைப்பது. கண்ணாடிமேல் கால்சைட்டை இழுத்தால் வெள்ளைக்கோடு விழும். ஈர விரலால் துடைத்தால் காணாமல் போகும், ஏனென்றால் அது கால்சைட்டின் பொடி. குவார்ட்ஸால் இழுத்த கோடு துடைத்தபின்னும் இருக்கும், நகத்தை அதன் குறுக்கே ஓட்டினால் தடுக்கும். "இழு, துடை, நகத்தால் தடவு" என்று மூன்று படியாகச் சொல்லிக்கொடுங்கள். தகராறில் பாதி இங்கேயே தீரும்.

இரண்டாவது, ஒரு பக்கம் மட்டும் சோதிப்பது. அது இதைக் கீறுகிறதா என்று பார்த்த பிறகு இது அதைக் கீறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கீறினால் கடினத்தன்மை ஏறக்குறைய சமம்.

மூன்றாவது, வெயிலும் மழையும் பட்டு மக்கிய மேற்பரப்பு. ஃபெல்ஸ்பார் நாளடைவில் களிமண் கனிமமாக மாறும். அந்தத் தோலைக் கீறினால் 6 இருக்க வேண்டிய இடத்தில் 2 வரும். புதிதாக உடைந்த முகத்தில்தான் கீற வேண்டும்.

நான்காவதுதான் பெரிது: பாறையைக் கீறுவது. கடினத்தன்மை கனிமத்துக்கு உரிய பண்பு. மணற்கல்லை நகத்தால் சுரண்டினாலே உதிரும். அதைப் பார்த்துப் பிள்ளை "நகத்தைவிட மென்மை" என்று எழுதும். உதிர்ந்தது குவார்ட்ஸ் மணி, அதன் எண் 7. இளகிக் கொடுத்தது மணிகளுக்கு இடையிலிருந்த பிணைப்பு. கிரானைட்டிலும் ஒரு குழு மைக்காவைக் கீறும், இன்னொரு குழு குவார்ட்ஸைக் கீறும், இரண்டு விடையும் சரியாகவே இருக்கும். கீறல் மேசையில் பாறையை வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று. 9க்கும் 10க்கும் இடைவெளி 1 என்று பிள்ளைகள் நினைப்பார்கள். இது வரிசை எண், அளவு அல்ல. கருவியால் அளந்தால் வைரம் குருந்தத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கடினம்.

அடுத்தது உரைகல், அதாவது கனிமத்தை உரைத்து விழும் பொடியின் நிறத்தைப் பார்ப்பது. அதற்கு வெள்ளை பீங்கான் ஓட்டின் பின்பக்கம், பளபளப்புப் பூச்சு இல்லாத பக்கம். இங்கேதான் வகுப்பு வாயைப் பிளக்கும்: எஃகு போல மினுங்கும் கறுப்பு ஹேமடைட், ஓட்டில் செங்காவி நிறக்கோடு போடும். மேக்னடைட் கறுப்புக்கோடு. இரண்டு கறுப்புக் கற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உரைக்கும் முன் என்ன நிறம் வரும் என்று எழுதச் சொல்லுங்கள். நிறத்தை நம்பக்கூடாது என்று நீங்கள் தனியாகச் சொல்லவே வேண்டாம். ஓட்டின் கடினம் 7ஐ ஒட்டியது என்பதால் குவார்ட்ஸும் அதற்கு மேற்பட்டவையும் ஓட்டைத்தான் தேய்க்கும், அப்போது வரும் வெள்ளை ஓட்டின் பொடி. ஓட்டை ஈரமான உப்புத்தாளால் தேய்த்துக் கழுவினால் திரும்பப் பயன்படும்.

காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டுக் கொடுங்கள். நேரடியாகக் கொடுத்தால் மேக்னடைட் துகள் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் பிரியாது. "காந்த ஹேமடைட்" என்ற பெயரில் வரும் பளபள மணிகள் செயற்கையாகச் செய்தவை. அவற்றை மாதிரியாக வைத்தால் பாடம் குழம்பும்.

---

சாக்பீஸ் பதில்:

வினிகர் பற்றி மட்டும் சொல்கிறேன். கால்சைட் (கால்சியம் கார்பனேட்) இருக்கும் கல்லில் அமிலம் பட்டால் நுரைக்கும், அதைப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை.

வினிகரில் அசிட்டிக் அமிலம் ஏறக்குறைய 5 சதவீதம்தான். வழுவழுப்பான முகத்தில் விட்டால் நுரை கண்ணுக்கே தெரியாது. ஆணியால் ஓரிடத்தைச் சுரண்டிப் பொடி குவியுங்கள், பொடிமேல் இரண்டு மூன்று சொட்டு விட்டு 10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். பொடியில் பரப்பு அதிகம் என்பதால் வினை வேகமாக நடக்கும். அப்போதும் ஒன்றும் இல்லையென்றால் அது டோலமைட்டாக (சுண்ணாம்புக்கல் போலவே தெரியும், அமிலத்தில் மிக மெதுவாக நுரைக்கும் கல்) இருக்கலாம். பளபளப்பாக்கிய கல் என்றால் மெழுகுப் பூச்சு தடுக்கலாம்.

செங்கல்லில் வந்தது காற்று. நுண்துளைகளுக்குள் திரவம் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியே வருகிறது. அதனால் எந்தக் கல்லுக்கும் முதலில் தண்ணீர்ச் சொட்டு, பிறகு துடைத்துவிட்டு வினிகர். தண்ணீரிலும் குமிழி வந்தால் அது கணக்கில் சேராது. கூடவே ஒரு கிளிஞ்சல் துண்டு வையுங்கள். அது கால்சியம் கார்பனேட். அதில் நுரை வரவில்லையென்றால் பழுது வினிகரிலோ செய்முறையிலோ இருக்கிறது, கல்லில் அல்ல.

மணற்கல் நுரைத்தால் தப்பு என்று அழித்துவிடாதீர்கள். சில மணற்கற்களில் மணிகளைப் பிணைப்பதே கால்சைட்தான். குமிழி மணியிலிருந்து கிளம்புகிறதா, இடுக்கிலிருந்தா என்று உருப்பெருக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.

கரும்பலகைச் சாக்பீஸை மாதிரியாக எடுக்காதீர்கள். பல சாக்பீஸ்கள் ஜிப்சம், அவை நுரைக்காது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நன்றாக நுரைக்கும்தான், ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் கைக்கு வேண்டாம்.

---

பலகைவகுப்பு பதில்:

பாறைவாசி சொன்னதில் ஒரு இடத்தில் உடன்பாடில்லை. சோதனைகளுக்குக் கனிமம் முதலில் என்பது சரி, ஆனால் முதல் பாடவேளையைக் கலந்த கற்களோடு தொடங்குவதே நல்லது. ஒவ்வொரு குழுவுக்கும் 12 கற்கள், பெயர் எதுவும் சொல்லாமல். "உங்கள் இஷ்டப்படி பிரியுங்கள், எப்படிப் பிரித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்." முதலில் நிறம், அளவு என்று பிரிப்பார்கள். "அளவை விட்டுவிடுங்கள், ஏனென்றால் உடைத்தால் மாறிவிடும்" என்று சொல்லி மறுபடி பிரிக்கச் சொன்னால், மணி தெரிகிறதா, பளபளக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, அடுக்கு இருக்கிறதா என்று தாங்களே வந்துவிடுவார்கள். கல்லை நனைத்துப் பார்க்கவும் விடுங்கள், ஈரத்தில் மணிகள் துலக்கமாகத் தெரியும். கலைச்சொற்களை அந்தக் கவனிப்பின்மேல் ஒட்டவையுங்கள், சொல்லை முதலில் கொடுத்தால் சொல்லையே திருப்பித் தருவார்கள்.

மாதிரிகளுக்குக் காகித ஒட்டி வேண்டாம், ஒரே நாளில் ஈரத்தில் உரிந்துவிடும். கல்லின் ஒரு மூலையில் வெள்ளை நகப்பூச்சு ஒரு பொட்டு, காய்ந்ததும் அழியாத பேனாவால் எண், அதன்மேல் நிறமற்ற பூச்சு. பெயர் எழுதாதீர்கள், எண் மட்டும். விடைத்தாள் உங்களிடம் இருக்கட்டும்.

கிரானைட்டுக்குத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்குங்கள், அந்த அளவுக்கு விஷயம் இருக்கிறது. மணிகள் 5 மி.மீ.க்குக் குறையாத துண்டாகப் பாருங்கள். கல்லை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். சட்டென்று கண்ணாடிச் சில் போல மின்னி மறைவது ஃபெல்ஸ்பார், அதன் பிளவுத்தளம் (கனிமம் உடையும்போது வரும் தட்டையான முகம்) அப்படி ஒளியைத் திருப்புகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் மின்னாமல், சாம்பல் நிறத்தில் எண்ணெய் தடவிய கண்ணாடி மாதிரி நிற்பது குவார்ட்ஸ், அதற்குப் பிளவுத்தளம் கிடையாது. ஊசி முனையால் நெம்பினால் ஏடாகப் பிரியும் கறுப்பு மைக்கா. கனிம மேசையில் தனித்தனியாகப் பார்த்த மூவரும் இங்கே ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு "பாறை என்றால் என்ன" என்று பலகையில் எழுதத் தேவையே இல்லை.

நேரம் இருந்தால் எண்ணியும் பார்க்கலாம். ஒளி ஊடுருவும் தாளில் 5 மி.மீ. இடைவெளியில் 25 புள்ளி வைத்து, கிரானைட்டின் தட்டையான முகத்தில் வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் எந்தக் கனிமம் என்று குறித்து, எண்ணிக்கையை 4ஆல் பெருக்கினால் சதவீதம். பெரும்பாலும் ஃபெல்ஸ்பார்தான் முந்தும். நிலவியலாளர்கள் நுண்ணோக்கியில் செய்வதும் இதே வேலைதான்.

---

நாலாம்வகுப்பு_டீச்சர்:

மிக்க நன்றி. கீறல் மேசையில் பாறை வைத்ததுதான் குழப்பத்தின் வேர் என்று புரிகிறது. இன்னும் இரண்டு கேள்வி. மெழுகு வண்ணக்கட்டியைச் சீவி, அழுத்தி, சூடாக்கிப் பாறைச் சுழற்சி காட்டுகிறார்களே, செய்யலாமா? பிள்ளைகள் வெளியிலிருந்து கல் கொண்டுவந்து "இது என்ன" என்றால் என்ன செய்வது?

---

பாறைவாசி பதில்:

செய்யலாம், ஆனால் மெழுகு இரண்டு பொய்களைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும். அவற்றை அடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்று, உருமாறிய பாறை உருகித்தான் உண்டாகிறது என்ற எண்ணம். உருமாற்றம் திடநிலையிலேயே நடக்கிறது, உருகிவிட்டால் அது தீப்பாறையின் கணக்கு. ஆகவே சீவல்களை அலுமினியத்தாளில் மடித்து, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, பலகைக்கு அடியில் அழுத்துங்கள். நிறங்கள் நீண்டு பட்டைபட்டையாகத் தெரிய வேண்டும். ஒன்றாகக் கலங்கிவிட்டால் சூடு அதிகம், புதிதாகச் செய்யுங்கள். முழுதாக உருக்குவதை ஆசிரியர் மட்டும், கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்த கிண்ணத்தில் செய்ய வேண்டும். நேரடித் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, மூன்று பெட்டியும் ஒரே திசையில் சுற்றும் அம்புக்குறியும். தீப்பாறை நேரடியாக உருமாறலாம், உருமாறிய பாறை அரிபட்டு மணலாகலாம், படிவுப்பாறை மறுபடி படிவுப்பாறையே ஆகலாம். அம்புகளை எல்லாப் பக்கமும் போடுங்கள். கற்குழம்பு பூமியின் நடுவிலிருந்து வருகிறது என்றும் வரையாதீர்கள். அது உருவாவது மேலோட்டின் அடிப்பகுதியிலும் அதற்குக் கீழுள்ள கவசத்தின் மேற்பகுதியிலும். கவசமும் பெரும்பாலும் திடமே.

படிவுக்கு மெழுகைவிட போத்தல் நல்லது. ஒரு லிட்டர்ப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு பரல், மணல், வண்டல், களிமண் கலவை. கழுத்துக்குக் கீழே நாலு விரற்கடை விட்டுத் தண்ணீர், பிறகு மூடிக் குலுக்குங்கள். பரல் நொடிகளில் இறங்கும், மணல் ஒரு நிமிடத்துக்குள், வண்டல் அந்தப் பாடவேளைக்குள் பெருமளவு, களிமண்ணுக்கு மறுநாள்கூட ஆகும். தெளிந்ததும் அதே கலவையில் இன்னொரு கைப்பிடி போட்டால் பெரிய மணி கீழே, சிறியது மேலே என்ற அடுக்கு திரும்பவும் அமையும். போத்தலை அசைத்துவிட்டால் கலைந்துவிடும், முதலிலேயே சன்னலோரம் வைத்துவிடுங்கள்.

குளிரும் வேகத்துக்குப் படிகாரம். 100 மி.லி. வெந்நீரில் 25 கிராம் படிகாரத்தை முழுதாகக் கரைத்து, வடிகட்டி, இரண்டு கோப்பையில் பாதிப்பாதி ஊற்றுங்கள். ஒன்றைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து அடிக்கடி கலக்குங்கள், இன்னொன்றைத் துணியில் சுற்றி அசையாமல் மறுநாள்வரை விடுங்கள். முதலாவதில் மணல் போலப் பொடிப்படிகம், இரண்டாவதில் எட்டு முகமுள்ள பெரிய படிகங்கள். நிலத்துக்கடியில் மெல்லக் குளிர்ந்த கிரானைட்டுக்குப் பெரிய மணி, மேலே வந்து சட்டென்று குளிர்ந்த பசால்ட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத மணி என்பதை உடனே இதோடு சேர்த்துக் காட்டலாம். சமையல் உப்பில் இதைச் செய்தால் ஒன்றும் நடக்காது. உப்பு சூடான தண்ணீரிலும் குளிர்ந்த தண்ணீரிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கரையும், அதற்குத் தண்ணீர் ஆவியாக வேண்டும்.

---

பலகைவகுப்பு பதில்:

கொண்டுவரும் கற்களுக்கு: பெயர் சொல்லும் அவசரம் வேண்டாம். எல்லாக் கல்லுக்கும் ஒரே கேள்வி வரிசை. மணி தெரிகிறதா? விரலால் தேய்த்தால் மணி உதிர்கிறதா, அல்லது ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டிருக்கிறதா? அடுக்கா, பட்டையா? குமிழி ஓட்டைகள் உண்டா? உதிர்கிற மணி என்றால் படிவுப்பாறைப் பக்கம் சாயலாம். ஆனால் அடுக்கு தெரிந்தாலே படிவு என்று எழுத விடாதீர்கள். நைஸிலும் கறுப்பு வெள்ளைப் பட்டை உண்டு, அங்கே மணிகள் பூட்டிக்கொண்டிருக்கும், விரலுக்கு உதிராது.

வருபவற்றில் கணிசமானது கல்லே அல்ல. கான்கிரீட், செங்கல், ஓட்டுச் சில்லு, உலைக்கசடு எல்லாம் வரும். கான்கிரீட்டில் உருண்ட காற்றுக்குழிகளும் சாம்பல் பசையும் தெரியும். கசடு கண்ணாடி போல மினுங்கும், ஓட்டைகள் இருக்கும், எரிமலைக்கல் என்றே எல்லோரும் சத்தியம் செய்வார்கள். தரைப் பலகைத் துண்டு வந்தால் பளபளப்பு முகத்தைப் பார்க்காதீர்கள், உடைந்த பின்பக்கத்தைப் பாருங்கள். கட்டட வணிகத்தில் "கறுப்பு கிரானைட்" என்று விற்பதில் பெரும்பாலானது நிலவியல்படி கிரானைட் அல்ல, டாலரைட் அல்லது கேப்ரோ என்ற வேறு கருநிறத் தீப்பாறைகள். வெள்ளைத் துண்டு சலவைக்கல்லா குவார்ட்ஸைட்டா (குவார்ட்ஸாலான உருமாறிய பாறை) என்ற சண்டைக்கு ஆணி போதும்: சலவைக்கல்லில் கீறல் விழும், குவார்ட்ஸைட்டில் ஆணியின் உலோகக்கோடுதான் விழும். இங்கே பாறையைக் கீறலாம், இரண்டுமே ஏறக்குறைய ஒற்றைக் கனிமம் என்பதால்.

வகுப்பில் சுத்தியல் வேண்டாம். உடைக்க வேண்டியதைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில், வெளியே, நனைத்துத் தடித்த துணியில் சுற்றி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து உடையுங்கள். குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு, மேசையையும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். ஈயம் உள்ள கலீனா, பாதரசம் உள்ள சின்னபார், நார்நாராகப் பிரியும் கல்நார் ஆகியவை மாதிரிப் பெட்டியில் வந்தால் எடுத்துத் தனியே பூட்டிவிடுங்கள். கல்லை நக்கிப் பார்க்கும் வழக்கத்துக்கு இந்த வகுப்பில் இடமே இல்லை, முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மதிப்பீட்டுக்கு ஆறாவது பாடவேளையில் எண் மட்டும் போட்ட மூன்று புதிய துண்டுகள். பெயருக்கு ஒரு மதிப்பெண், காரணத்துக்கு மூன்று. "கால்சைட், நகம் கீறவில்லை, செம்பு கீறியது, பொடியில் வினிகர் நுரைத்தது" என்று எழுதினால் முழு மதிப்பெண். பெயரைத் தப்பாக எழுதி, செய்த சோதனைகளைச் சரியாக எழுதியிருந்தாலும் மூன்று கிடைக்கும்.